தெருவிலிருந்து வந்த நாயோடு தோப்பில் ஒரு ராத்திரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் அடிபட்டும் கைவிடப்பட்டும் கிடக்கிற நாய்களை எடுத்துத் தேற்றி, வீடு பார்த்துக் கொடுக்கிற சின்னக் கூட்டம் எங்களுடையது. நாயை வாங்கிக்கொண்டு போனவர்கள் முதல் வாரம் சோறு பற்றிக் கேட்பார்கள், அடுத்த வாரம் செருப்பு பற்றி. கொஞ்சம் பழகியதும், "அக்கா, இவனைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது கூடாரம் போட்டுத் தங்கலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். போனில் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. செவலை என்று ஒருத்தி நடுநடுவே வருவாள். என் வீட்டு நாய். இங்கே எச்சரிக்கையாகச் சொல்லியிருப்பதில் பாதி, அவளை வைத்து நான் செய்த தப்பு.

போன வாரம்தான் தத்தெடுத்தோம். இந்தப் பொங்கல் லீவுலயே கூட்டிக்கிட்டுப் போகலாமா?

வேண்டாம். நாய் மீட்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: மூன்று நாள் மிரளும், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது தன் வீடு என்று நம்பும். ஒவ்வொரு நாய்க்கும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் ஒரு வாரத்தில் எந்த நாயும் நம்பாது. வீடே இன்னும் வீடாகாத ஒரு ஜீவனை வெட்டவெளிக்குக் கொண்டுபோனால், அதற்குத் திரும்பி வர இடம் எது என்றே தெரியாது.

நாள் கணக்கைவிட நான் பார்ப்பது இதைத்தான்: புது ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறதா, உங்கள் காலுக்குப் பின்னால் வந்து நிற்கிறதா? காலுக்குப் பின்னால் வந்தால் கிளம்பலாம். அதற்கு முன் கூடாரத்தை வீட்டு மொட்டை மாடியில் போட்டு இரண்டு ராத்திரி அதில் படுங்கள். ஜிப் சத்தத்துக்கே அலறி ஓடின நாய்கள் எனக்குத் தெரியும். அந்த அலறல் மாடியோடு போகட்டும்.

எந்த மாசம் போனா நல்லது?

மாசி. முன்னே பின்னே போனால் தை கடைசியும் பங்குனி தொடக்கமும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை முடிந்திருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதனால் ஆற்றிலும் வாய்க்காலிலும் வேகம் அடங்கியிருக்கும். ராத்திரிப் பனி இருக்கும், கொசு ஓரளவு சகிக்கும். சித்திரை, வைகாசியில் நாயோடு போகாதீர்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கூடாரம் போடுவதைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இடம் எப்படிப் பாக்கறது? கொள்ளிடம் மணல்ல போட்டா சூப்பரா இருக்குமே?

படம் எடுக்க சூப்பர்தான். ஆனால் கொள்ளிடத்தில், அணைக்கரையிலும் அதற்குக் கீழே சிதம்பரம் பக்கமும் முதலை உண்டு. இது பாட்டி கதை இல்லை. ஆடு, மாடு மட்டுமல்ல, மனிதர்களையும் பிடித்திருக்கிறது. மற்ற இடங்களில் மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாமல் கிடக்கும். முதல் தடவைக்கு ஆறே வேண்டாம்.

தெரிந்தவர் தோப்புதான் சரி. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். நடுராத்திரி சரிப்படவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் தூரம். மோட்டார் கொட்டகை இருந்தால் இன்னும் நல்லது: தண்ணீர், ஒரு விளக்கு, மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை. தென்னை மரத்தடியில் மட்டும் போடாதீர்கள், மட்டையும் காயும் நேரம் பார்த்து விழாது. மூங்கில் குத்து, வைக்கோல் போர், அடுக்கி வைத்த மட்டைக் குவியல் இவற்றிலிருந்து தள்ளி, களம் மாதிரி வெட்டவெளியாகப் பாருங்கள். தோப்புக்காரரிடம் நாய் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே கோழி இருக்கும்.

கோடியக்கரை, இல்லாட்டி ஏதாவது கடற்கரை?

கோடியக்கரை 1967-லிருந்து வனவிலங்குச் சரணாலயம். வெளிமான் மேயும் இடம். அங்கே நாயோடு போகும் யோசனையே வேண்டாம். துரத்திக் கடிக்க வேண்டும் என்பதில்லை; குட்டி போட்ட மான் மிரண்டு ஓடினாலே சேதம்தான்.

மற்ற கடற்கரைகளிலும் தை முதல் பங்குனி வரை யோசியுங்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம் அது. பெயரே அப்படித்தானே வந்தது. நாகப்பட்டினம் கரையில் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு ஒரு காரணம், நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்றுவிடுவது. உங்கள் நாய் தோண்டாது என்று சொல்லாதீர்கள். தெருவில் பசியோடு வளர்ந்தது அது. ஆமை தப்பித்தாலும் காயப் போட்ட கருவாடு தப்பிக்காது, அதற்குக் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

என்னென்ன ஊசி போட்டிருக்கணும்?

வெறிநாய்க்கடி ஊசி வருஷம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். அடுத்தது கூட்டுத் தடுப்பூசி. அதில் எலிக்காய்ச்சலுக்கானதும் சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நெல் வயல், எலி, தேங்கின தண்ணீர் மூன்றும் சேர்ந்த ஊர் நம்முடையது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வருகிற நோய் அது, நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். முதல் தடவை போடுகிற நாய்க்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஆகவே கிளம்புகிற வாரத்தில் போய் நிற்காதீர்கள், இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

உண்ணிக்கு, பிடரியில் விடும் சொட்டு மருந்தோ மாத்திரையோ, நாயின் எடைக்கு ஏற்ற அளவில். வீட்டில் பூனையும் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாய்க்கு விடும் சில சொட்டு மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

தெருவுல சுத்தின நாய்தானே, அதுக்கு எதுக்குக் கயிறு? தானா வந்துடாதா?

தன் தெருவில் வந்துவிடும். அதன் மூக்கிலும் தலையிலும் இருக்கிற வரைபடம் அந்த ஒரு தெருவுக்கானது. உங்கள் மாமாவின் தோப்பு அதில் இல்லை.

நம் நாட்டு நாய்களுக்குத் தலை ஒடுக்கம். கழுத்துப் பட்டையை மட்டும் போட்டால் பயத்தில் பின்வாங்கி ஒரே உதறலில் உருவிக்கொள்ளும். மார்போடு போடுகிற ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டையும் இணைத்து ஒரு கொக்கி. ஒன்று நழுவினால் இன்னொன்று நிற்கும். பட்டையில் போன் நம்பரோடு தமிழில் "என்னைப் பார்த்தால் கூப்பிடுங்கள்" என்று எழுதி மாட்டுங்கள். வயலில் அதைப் பார்க்கப்போகிறவர் களை எடுக்க வந்த அம்மாவாக இருக்கலாம்.

நடக்க ஐந்து மீட்டர் கயிறு. நிலையாகக் கட்ட, இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையம் போட்டு வளையத்தில் நாயின் கயிற்றை மாட்டுங்கள். அங்குமிங்கும் நடக்கும், சிக்கிக்கொள்ளாது. எதில் கட்டக்கூடாது என்பதற்குக் கீழே ராத்திரிக் கதை இருக்கிறது.

கார்ல ஏறவே மாட்டேங்குது. தூக்கி உள்ள வெச்சா நடுங்குது, வாந்தி எடுக்குது.

இது எல்லாரும் லேசாகக் கேட்கிற கேள்வி, எனக்கு மட்டும் லேசாகப் பதில் சொல்ல வராது. செவலையை நாங்கள் எடுத்தது புறவழிச்சாலை ஓரத்தில். டீக்கடைக்காரர் சொன்னது: ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது, கதவு திறந்தது, இவளை இறக்கிவிட்டார்கள், கார் போய்விட்டது. நான்கு நாளாக அதே இடத்தில், வருகிற வெள்ளைக் கார் எல்லாவற்றையும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். வைத்த பன்னை எறும்பு தின்றுகொண்டிருந்தது.

நாம் மூட்டை கட்டுகிறோம், காரில் ஏற்றுகிறோம், ஆளில்லாத இடத்தில் இறக்குகிறோம். நமக்கு அது உல்லாசம். அவளுக்கு அது ஏற்கெனவே ஒரு தடவை நடந்தது. எனவே காரை முதலில் நிற்கிற காராகவே பழக்குங்கள். கதவுகளைத் திறந்து வைத்து உள்ளே சோறு வையுங்கள், ஒரு வாரம். பிறகு இன்ஜினை மட்டும் போடுங்கள். பிறகு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வீட்டு வாசலில் இறக்குங்கள். ஏறினால் திரும்பி வீட்டுக்குத்தான் வருவோம் என்று இருபது தடவையாவது அதற்குத் தெரிய வேண்டும். வாந்திக்கு, கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். அப்படியும் நிற்கவில்லையென்றால் மருத்துவர் மாத்திரை தருவார், மனிதர் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ரயில் பற்றியும் கேட்கிறார்கள். முதல் வகுப்பு ஏசியில் தனி அறை கிடைத்தால் உங்களோடு வரலாம், இல்லையென்றால் கார்டு பெட்டியில் கூண்டு. பயந்த நாயைக் கூண்டில் தனியாக ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

சாப்பாடு, சாமான் என்ன எடுத்துக்கணும்?

வீட்டில் தின்பதே. புது ருசியைக் காட்ட இது நேரமில்லை, வயிறு போனால் கூடாரத்துக்குள்தான் போகும். அதன் பழைய படுக்கைத் துணியைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள், வாசனை முக்கியம். தண்ணீர், ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லி என்று வைத்து அதைப்போல் இரண்டு மடங்கு. உண்ணி எடுக்கச் சின்ன இடுக்கி, பஞ்சு, கட்டுத்துணி, டார்ச் இரண்டு. பிரியாணி கொண்டுபோகிறவர்கள் வெங்காயமும் வெந்த எலும்பும் நாய்க்கு ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள், நரியும் ஊர் நாயும் விருந்துக்கு வரும்.

ராத்திரி எங்க படுக்க வைக்கிறது? வெளிய கட்டிப் போடலாமா?

கூடாரத்துக்குள், உங்களோடு. கயிற்றின் முனை உங்கள் மணிக்கட்டில்.

நான் முதல் தடவை செவலையைக் குடமுருட்டிக் கரையில் ஒரு தோப்புக்குக் கூட்டிப்போனபோது, அவள் உள்ளே வர மறுத்ததால் கயிற்றைக் கூடாரத்தின் மூலை முளையில் மாட்டிவிட்டுப் படுத்தேன். ஒரு மணி இருக்கும், அக்கரையில் கோயில் திருவிழா, வேட்டு போட்டார்கள். முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இரும்பு முளை பின்னாலேயே கிணிங் கிணிங் என்று துரத்துவதைக் கேட்டு அவள் இன்னும் வேகமாக ஓடினாள். மூன்று பேர் டார்ச்சோடு ஆற்றங்கரை முழுக்க "செவலே, செவலே" என்று கத்திக்கொண்டு நாலரை மணி வரை அலைந்தோம். கடைசியில், போன் சார்ஜ் போடலாம் என்று அரைக் கிலோமீட்டர் தள்ளி ரோட்டில் நிறுத்தியிருந்த என் ஆம்னி வேனுக்குப் போனேன். முன் சக்கரத்தை ஒட்டி அடியில் படுத்திருந்தாள். முளை பக்கத்தில் கிடந்தது. வண்டி கிளம்பினால் தெரியவேண்டும் என்று காவல் காத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். வண்டியைக் கூடாரத்தை ஒட்டியே நிறுத்துகிறேன். நாள் குறிப்பதற்கு முன் சுற்று ஊரில் திருவிழா, மாசி மகம், காதுகுத்து எதுவும் உண்டா என்று தோப்புக்காரரிடம் கேட்கிறேன். சாவு வெடிக்கு மட்டும் முன்கூட்டி விசாரிக்க வழியில்லை.

பாம்பு கடிச்சுட்டா?

டெல்டாவில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கையும் எதிர்பார்க்கலாம். நாய் மோப்பம் பிடிக்கப் போய் மூக்கிலோ முன்காலிலோதான் பெரும்பாலும் வாங்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் வீக்கமும் ரத்தக் கசிவும் காட்டும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் கால் தள்ளாடும், இமை தொங்கும், மூச்சு திணறும். எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், நான்குக்கும் விஷமுறிவு ஊசி ஒன்றுதான். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பச்சிலைக்காக நேரம் கடத்தாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஆனால் எங்கே கிளம்புவது என்பதை அன்று யோசிக்கக்கூடாது. ராத்திரி திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே விஷமுறிவு மருந்து இருப்பில் உண்டா என்று போவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

பாம்பை விட்டா வயல்ல வேற என்ன பயம்?

பாம்பைவிட நான் பயப்படுவது எலிக்கு வைத்ததை. வரப்பில் அரிசியிலோ பொரியிலோ கலந்து வைத்த எலி மருந்தை நாய் நக்கிவிட்டால், ஒரு வாய் சோறு, ஒரு வாய் பால்கூடக் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் நீங்களாக முயலாதீர்கள். துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் வாயுவாக மாறும். காரில் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் ஆபத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பூச்சிமருந்து பட்டால் எச்சில் ஒழுகும், உடம்பு உதறும். டப்பாவோ பாக்கெட்டோ கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அதுதான் முதல் தகவல்.

அடுத்தது தஞ்சாவூர்க் கிட்டி. வளைத்த மூங்கிலில் சுருக்குக் கட்டி, எலி இரையைத் தொட்டதும் சட்டென்று விடுபட்டு இறுக்குகிற பொறி. மருந்து வைப்பதைவிட நல்ல முறைதான், ஆனால் அதில் நாயின் மூக்கும் போகும். அந்தப் பக்கத்தில் மருந்தோ கிட்டியோ வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே நடங்கள். அறுவடை மெஷின் ஓடின வயலில் நாயை ஓடவிடாதீர்கள். நிற்கிற தாள் ஊசி மாதிரி, பாதம் கிழியும். நெருஞ்சியும் கருவேல முள்ளும் போதாததற்கு.

சாயங்காலம் ஒரு தடவை உட்கார்ந்து உடம்பைத் தடவிப் பாருங்கள்: காதுக்குள், பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில். உண்ணி ஏறியிருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய் விடாதீர்கள்.

வாய்க்கால்ல குளிக்க விடலாமா? நாய்க்குத்தான் நீச்சல் தெரியுமே.

நீச்சல் தெரியும், கரையேறத் தெரியாது. புதாற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், சிமெண்ட் கரை போட்ட இடங்களில் விழுந்த நாய் கரையைப் பிராண்டிப் பிராண்டியே ஓய்ந்துபோகும். மதகுப் பக்கம் போகவே வேண்டாம். கணுக்கால் தண்ணீர், கயிறோடு. எலிக்காய்ச்சல் ஊசி முடியவில்லையென்றால் தேங்கின தண்ணீர் வேண்டவே வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

தோப்பு நாய்ங்க கூட்டமா வந்தா? ஆட்டுக் கிடை வேற போட்டிருக்காங்களாம்.

தோப்பு அவற்றின் வீடு, நீங்கள்தான் விருந்தாளி. இருட்டுவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். தோப்புக்காரரை விட்டு அவர் நாயைக் கூப்பிடச் சொல்லி, தூரத்தில் நின்று ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். உங்கள் நாயைத் தூக்காதீர்கள், தூக்கினால் மற்றவை உங்கள் மேல் தாவும். கூட்டமாக வந்தால் ஓடாமல் பக்கவாட்டில் நகர்ந்து வண்டிக்குப் போங்கள். வண்டியைப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

கிடை இருந்தால் வேறு இடம் பாருங்கள், அதில் விவாதமே வேண்டாம். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளோடு இங்கே வந்து வயலில் கிடை அமர்த்துவார்கள், வயலுக்கு உரமாகும். அது அவர்கள் முழு வருஷப் பிழைப்பு. உங்கள் நாய் குரைத்து மந்தை கலைந்தால் ராத்திரியில் யார் போய்ச் சேர்ப்பது? கிடை நாயும் சும்மா இருக்காது.

கூட வந்த பிள்ளையைக் கடிச்சுட்டா? நம்ம நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கே.

போட்டிருந்தாலும் சரி. கீறல் என்றாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். அப்புறம் நேராக ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி தேவையா, எத்தனை என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது; தொடங்கினால் 0, 3, 7, 28 என்று நாள் தவறாமல் முடிக்க வேண்டும். முதல் தடவைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப்போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

ராத்திரியில காணாமப் போயிட்டா என்ன செய்யறது?

நான் செய்தது எதையும் செய்யாதீர்கள். கத்தாதீர்கள், கூட்டமாகத் துரத்தாதீர்கள். முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள். இல்லையென்றால் கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் துணியையும் உங்கள் உடுத்திய சட்டையையும் போட்டு, ஒருவர் மட்டும் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். பயந்த நாய் பெரும்பாலும் நடமாட்டம் அடங்கிய பிறகுதான், விடியற்காலையில் வரும். வந்தால் பாய்ந்து பிடிக்காமல், திரும்பி உட்கார்ந்து பிஸ்கட்டைப் பின்னால் போடுங்கள். விடிந்ததும் பால் ஊற்ற வருகிறவர், மோட்டார் போட வருகிறவர் எல்லாரிடமும் படத்தைக் காட்டுங்கள்.

பத்து மணிக்கே அழுது அடம்பிடிச்சு, நாங்க வீட்டுக்கே வந்துட்டோம். இனி இது சரிப்படாதா அக்கா?

வந்தது சரிதான், அதற்குத்தானே ஒரு மணி நேரத் தூரம் சொன்னது. இருபத்தோராம் தடவையாகவும் காரில் ஏறினால் வீட்டுக்குத்தான் வருகிறோம் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் விட்டு அதே இடத்துக்குப் பகலில் போங்கள், சோறு தின்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்புங்கள். அடுத்த தடவை ஒன்பது மணி வரை இருங்கள்.

செவலைக்குப் பழக நான்கு தடவை பிடித்தது. போன மாசியில் ஆம்னியின் பக்கக் கதவைத் திறந்து வைத்து, கூடார வாசலை அதற்கு நேராகப் போட்டேன். வண்டிக்குள் பாதி, வெளியே பாதி என்று தலையைப் படியில் வைத்துத் தூங்கினாள். கயிற்றின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் நான் மட்டும்.